எடுத்துக் கொட்டுவது யார்? – ஒரு கக்கூஸ் வரலாறு

இந்தத் தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நம் வயதில் இதைப் பற்றிப் பேசாதவர் யாரும் இல்லை, எழுதுவதற்குத்தான் கூச்சப்படுகிறோம்.

சென்ற பங்குனியில் என் மனைவி பின்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, நடக்கக் கூடாது, கட்டிலுக்குப் பக்கத்திலேயே எல்லாம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையில் கமோட் நாற்காலி ஒன்று வாங்கினேன். நடுவில் ஓட்டை, அதன் கீழே இழுத்து எடுக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டி. அவளைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண்ணையும் ஏற்பாடு செய்தோம். நாற்பது வயது இருக்கும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, காலுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் பொறுமையாகச் செய்தாள். மூன்றாம் நாள் சட்டியைக் காட்டி, "இதையும் நீயே எடுத்துக் கொட்டிடும்மா" என்றேன்.

"அம்மாவுக்கு என்ன வேணும்னாலும் செய்றேங்கய்யா. இது மட்டும் முடியாது. எங்க ஆத்தா ஆயுசு பூரா இதைத்தான் தூக்குச்சு. நான் தூக்க மாட்டேன்னு அது சாகும்போது சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சம்பளம் கொடுக்கிறோமே என்கிற கோபம். அன்றைக்கு நானே எடுத்துக் கொட்டினேன். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது கோபம் போய், வேறு பல ஞாபகங்கள் வந்தன. அவற்றைக் கொஞ்சம் சரித்திரத்தோடு சேர்த்து எழுதுகிறேன்.

கப்பலின் மூக்கு

நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் ஆசிரியர் ஒருவர் கடற்படைக் கதைகள் சொல்வதில் கெட்டிக்காரர். பாய்மரக் கப்பலின் முன்பக்கம் மூக்கு மாதிரி நீண்டிருக்குமே, அதற்குப் பிரெஞ்சில் 'பூலேன்' என்று பெயர். மாலுமிகளின் கழிப்பிடத்துக்கும் அதே பெயர். காரணம் எளிது. அவர்கள் போய் உட்கார்ந்தது அங்கேதான். ஆங்கிலேய மாலுமிகளும் இதே காரணத்தால் கழிப்பிடத்தைத் 'தலை' என்றார்கள். இன்றும் கப்பலில் அதற்கு 'ஹெட்' என்றுதான் பெயர்.

ஏன் முன்பக்கம்? பாய்மரக் கப்பலுக்குக் காற்று பெரும்பாலும் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ அடிக்கும். முன்னால் உட்கார்ந்தால் நாற்றம் கப்பலுக்குள் வராது. அலை வந்து மோதி இடத்தைக் கழுவியும் விட்டுவிடும். புயல் நாளில் அங்கே போவது உயிரைப் பணயம் வைப்பது போலத்தான்.

அதிகாரிகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. கப்பலின் பின்புறத்தில், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மாடத்தில் அவர்களுக்குத் தனி இடம் உண்டு. அதற்குப் பிரெஞ்சில் 'பூத்தேய்' என்று பெயர். நேர் அர்த்தம் பாட்டில். ஒரே கப்பல், ஒரே கடல். உட்காரும் இடம் மட்டும் வேறு. ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மாலுமி ஆனாலும் கேப்டன் ஆனாலும், அந்த இரண்டு இடத்துக்கும் எடுத்துக் கொட்ட ஆள் தேவைப்படவில்லை. கடல் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

நாம் சொல்லும் 'கக்கூஸ்' என்ற சொல்லும் கப்பலேறி வந்ததுதான். டச்சு மொழியில் 'கக்ஹாய்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையில் இருந்தது. இலங்கையின் கடற்கரையும் நெடுநாள் அவர்களிடம் இருந்தது. அவர்கள் போய்விட்டார்கள்; சொல் நம் வீட்டுப் பின்கட்டில் தங்கிவிட்டது.

கப்பலில் கழிப்பறை எவ்வளவு கவனம் வேண்டிய பொருள் என்பதற்கு ஒரு உதாரணம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரல் 14 அன்று, ஸ்காட்லாந்துக் கடலில் யூ-1206 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கிப்போனது. மூழ்கடித்தது எதிரியின் குண்டு அல்ல, அதன் கழிப்பறை. ஆழத்திலும் வேலை செய்யும் புது மாதிரிக் கழிப்பறை அது. வால்வுகளை வரிசை தப்பித் திறந்ததால் கடல்நீர் உள்ளே பாய்ந்து, கீழே இருந்த பேட்டரிகளை நனைத்தது. குளோரின் வாயு கிளம்பியது. கப்பல் மேலே வர வேண்டியதாயிற்று. மேலே வந்ததும் எதிரி விமானத்தின் கண்ணில் பட்டது. கடைசியில் கேப்டனே கப்பலைக் கைவிட உத்தரவிட்டார். இந்தக் குளோரின் வாயுவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் அது நம் வீட்டுக்கே வரும்.

கரைக்கு வந்த வாளி

கடலில் கடல் செய்த வேலையைக் கரையில் யார் செய்வது? பிரெஞ்சு ராஜாக்களின் அரண்மனையில் 'ஷேஸ் பெர்ஸே' என்று ஒன்று இருந்தது. ஓட்டை போட்ட நாற்காலி என்று அர்த்தம். இன்று என் மனைவியின் கட்டிலருகே இருப்பதும் அதேதான். ராஜாவுடையதில் பட்டு மெத்தை இருந்திருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போக வேலைக்காரர்கள் இருந்தார்கள். பாரிஸ் நகரத்து வீடுகளில் 'தினெத்' என்ற எடுப்பு வாளிகள் வெகுகாலம் இருந்தன. வீட்டுக் கழிவு எல்லாம் பாதாளச் சாக்கடைக்குப் போக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது 1894இல்.

இங்கிலாந்தில் ஃபோர்டிங்டன் என்ற ஊரில் ஹென்றி மூல் என்றொரு பாதிரியார் இருந்தார். காலராவில் தம் ஊர் ஜனங்கள் மடிவதைக் கண்ணால் பார்த்தவர். வாளியில் சேர்வதைத் தோட்டத்தில் புதைத்துப் பார்த்து, காய்ந்த மண்ணோடு கலந்தால் சில வாரங்களில் அது வெறும் மண்ணாகிவிடுகிறது என்று கண்டார். ஒரு கைப்பிடியை இழுத்தால் வாளிக்குள் மண் விழுகிற மாதிரி ஒரு சாதனம் செய்து, 1860இல் காப்புரிமை வாங்கினார். வெள்ளைக்காரர்கள் அதை இந்தியாவுக்கும் கொண்டுவந்து ஜெயில்களிலும் ராணுவக் குடியிருப்புகளிலும் பயன்படுத்தினார்கள். பாதிரியார் தம் வாளியைத் தாமே தோட்டத்தில் புதைத்துப் பரிசோதனை செய்தவர். இங்கே வந்ததும் அந்த வேலை ஒரு சாதியின் தலையில் ஏற்றப்பட்டது.

திண்டுக்கல் நகராட்சி 1866இல் ஏற்பட்டது. அந்தக் காலத்து நகராட்சிகளுக்குச் சுகாதாரம் முக்கியக் கடமை. தெருவை அகலப்படுத்தினார்கள், விளக்குப் போட்டார்கள். வீட்டுக் கழிவை அள்ளிக்கொண்டு போக, வீடுகளுக்குப் பின்னால் சந்து விட்டார்கள். நம் ஊரில் பழைய தெருக்களுக்குப் பின்னால் ஆள் ஒருவர் மட்டும் போகிற மாதிரி இடுக்குகள் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எதற்காக விட்டது என்பது பேரப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

தண்ணீர்ப் பஞ்சமும் ஒரு காரணம் என்று நம் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஆத்தூர் அணைத் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த ஊரில், கக்கூஸுக்கு ஊற்ற ஏது தண்ணீர் என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. நாற்றம் மேலே வராமல் தடுப்பதற்குக் குழாயை வளைத்து, அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீரை நிற்க வைத்தால் போதும் என்று லண்டனில் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் 1775லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அந்த வளைவும் ஒரு குழியும் இருந்தால் ஒரு செம்புத் தண்ணீரில் வேலை முடிந்துவிடும். எடுக்க ஆள் வேண்டாம். அந்தச் சிறிய வளைவு திண்டுக்கல் சந்துகளுக்கு வந்து சேர இருநூறு வருஷம் ஆனது. அள்ளுவதற்கு மலிவாக மனிதர்கள் இருந்ததால் வளைவைப் பற்றி யாரும் அவசரப்படவில்லை.

1976, மாமனார் வீடு

எனக்குக் கல்யாணம் 1976இல். மாமனார் வீடு திண்டுக்கல். தலை தீபாவளிக்கு வந்திருந்தேன். விடிகாலையில் எடுப்புக் கக்கூஸில் உட்கார்ந்திருந்தபோது, கீழே தகரக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கீழே ஒரு கை வந்து வாளியை இழுத்தது. நான் பதறிக் கத்திவிட்டேன். "சாமி இருக்கீங்களா, தெரியாதுங்க" என்று ஒரு பெண்குரல். அந்தக் கை விலகிப்போய்க் காத்திருந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாளின் முகத்தை அதற்குப் பிறகு பலமுறை பார்த்திருக்கிறேன். தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை, அடியில் சாம்பல். மழை நாளில் அது ஒழுகும். மாமியார் மீந்த சோற்றைத் தூரத்தில் நின்று போடுவார். பெயர் என்னவென்று நான் கேட்டதே இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை என்று எட்டு வருஷம் போய் வந்திருக்கிறேன்; ஒரு முறையும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுப் பொய். நான் குமாஸ்தாவாக இருந்த ஓர் அலுவலகத்துக்கு ஒருநாள் ஒரு மனு வந்தது. எந்த அலுவலகம், எந்த ஊர் என்பது வேண்டாம். துப்புரவு வேலை செய்பவர்கள் கைநாட்டு வைத்தது. மூடி போட்ட வாளி வேண்டும், தள்ளிக்கொண்டு போக வண்டி வேண்டும், கைக்கு உறை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்குக் குறிப்பு எழுத வேண்டியவன் நான். 'நிதி நிலைமை இடம் தரவில்லை. அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்' என்று எழுதினேன். மேலே இருந்தவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டும் அதே வாக்கியத்தை எழுதினேன். அதே வருஷம் நாற்காலி, மேஜை வாங்கப் பணம் ஒதுக்கிய குறிப்பையும் எழுதியவன் நான்தான். யாரும் என்னை மிரட்டவில்லை. வழக்கமாக எழுதும் வாக்கியம் என்பதால் எழுதினேன்.

சட்டமும் ரயிலும்

பீகாரில் பிந்தேஷ்வர் பாதக் 1970இல் சுலப் நிறுவனத்தைத் தொடங்கி, இரண்டு குழிக் கக்கூஸைப் பரப்பினார். ஒரு குழி நிறைந்ததும் மற்றதுக்குத் திருப்பிவிட வேண்டும். முதல் குழியில் இருப்பது நாளடைவில் மண்ணாகும். மூல் பாதிரியார் கண்டது இதுவேதான். எடுப்புக் கக்கூஸையும் மனிதரைக் கொண்டு அள்ளுவதையும் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1993இல் வந்தது. அது போதவில்லை என்று 2013இல் இன்னொரு சட்டம். 1993 முதல் சாக்கடையில் இறங்கி இறந்தவர் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அது 30 லட்சம் ஆனது. தொகை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. இந்த வேலையை வாழ்ந்து ஒழிக்கப் போராடிய பெஜவாடா வில்சனுக்கு 2016இல் மகசேசே விருது கிடைத்தது.

அதே 2016இல் நம் மதுரை ரயில்வே கோட்டத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. நம் பக்கத்துக்கு ரயில் வந்தது 1875இல். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கக்கூஸ் இல்லாத காலம் வெகுநாள் இருந்தது. 1909இல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளி, ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கப் போனபோது ரயில் கிளம்பிவிட்டதால் பட்ட அவமானத்தைத் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுப் புகழ் பெற்றது. பெட்டிக்குள் கக்கூஸ் வந்தது. ஆனால் அடியில் ஓட்டைதான். விழுவது தண்டவாளத்தில். ஸ்டேஷனில் அதைத் துடைப்பத்தோடு கூட்டிக் கழுவியவர்களை நாம் எல்லோரும் பிளாட்பாரத்தில் நின்று பார்த்திருக்கிறோம்.

பனிமலையில் இருக்கும் ராணுவத்தினருக்காக நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், கழிவைத் தின்று நீரும் வாயுவுமாக மாற்றும் பாக்டீரியாக்களை வைத்து ஒரு தொட்டி செய்திருந்தது. ரயில்வே அதை எடுத்துப் பெட்டிகளுக்கு அடியில் பொருத்தியது. 2016 ஜூலை 24 அன்று ராமேஸ்வரம்–மானாமதுரை 114 கிலோமீட்டர் பாதை, தண்டவாளத்தில் கழிவு விழாத நாட்டின் முதல் பாதையாக அறிவிக்கப்பட்டது. பெரிய பெரிய நகரங்களை விட்டு நம் வறண்ட சீமையில் தொடங்கியதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் அந்தத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் டம்ளரும் குட்கா பொட்டலமும் போட்டால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் யாரோ கையை விட வேண்டும்.

கால்வாயில் ஒரு படகு

2009இல் பிரான்சில் இருக்கும் என் அக்கா மகனைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் ஒரு சிறிய படகு வைத்திருந்தான். என்னைக் கனால் து மிதி கால்வாயில் நான்கு நாள் கூட்டிப் போனான். பியேர் போல் ரிக்கே என்பவர் 1666இல் தொடங்கிய கால்வாய் அது. 240 கிலோமீட்டர் நீளம். இருபுறமும் மரங்கள். நம் ஊரில் ஏரிக்கரை மாதிரி இருந்தது.

படகின் உள்ளே, குனிந்து போகிற ஒரு மூலையில், பெட்டி மாதிரி ஒரு கக்கூஸ். இரண்டு பாகம். மேல் பாகத்தில் உட்காரும் இடமும் நல்ல தண்ணீரும். கீழ் பாகம் 20 லிட்டர் பிடிக்கும் தொட்டி; அதில் நீல நிற மருந்தை முதலிலேயே ஊற்றி வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தட்டையாக ஒரு அடைப்பு. வேலை முடிந்ததும் அதை இழுத்துத் திறந்து, பம்பை அமுக்கித் தண்ணீர் விட்டு, மறுபடி மூட வேண்டும். படகு ஆடுமே என்று வாரால் தரையோடு கட்டியிருந்தான். "முக்காலுக்கு மேல ரொப்பாதீங்க மாமா. ஆளுக்கு ரெண்டு நாள் கணக்கு" என்றான். வெயிலில் உள்ளே காற்று அழுத்தம் ஏறும். அதனால் திறக்கும்போது மூடியை மூடிக்கொண்டு மெதுவாகத் திறக்கச் சொன்னான். அடைப்பின் ரப்பருக்குச் சமையல் எண்ணெய் தடவக் கூடாது, அதற்கான பசைதான் தடவ வேண்டும் என்றும் சொன்னான்.

மூன்றாம் நாள் ஒரு படகுத்துறையில் நிறுத்தினோம். அவன் கீழ்த் தொட்டியைக் கழற்றி, கைப்பிடியில் தூக்கிக்கொண்டு நடந்தான். கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவன். எதிரே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அதே மாதிரித் தொட்டியோடு வந்தார். இருவரும் 'போன்ழூர்' சொல்லிக்கொண்டார்கள். அங்கே அதற்கென்றே ஒரு தொட்டி. காற்றுப் பொத்தானை அமுக்கிக்கொண்டு, வாய்க்குழாயைத் தாழப் பிடித்து ஊற்றினான். ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை. இரண்டு முறை அலசினான். கை கழுவினான். ரொட்டி வாங்கப் போனோம்.

நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கூச்சமாக இருந்தது, அவனுக்கு இல்லை. "நான் கொண்டு போகவா?" என்று ஒப்புக்குக் கேட்டேன். "வேணாம் மாமா, படகு என்னுது" என்றான். அன்றைக்கு அந்த வார்த்தை எனக்குள் இறங்கவில்லை.

கப்பல்களுக்கும் இன்று உலக விதி உண்டு. மார்ப்போல் உடன்படிக்கையின் நான்காம் இணைப்பு 2003 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. சுத்திகரிக்காத கழிவை, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். 400 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கும் 15 பேருக்கு மேல் ஏற்றும் கப்பலுக்கும் இந்த விதி. சின்னப் படகுக்கு அந்த விதி கிடையாது. அங்கே படகுக்காரனின் மனசாட்சியும் உள்ளூர் ஒழுங்கும்தான் விதி.

இப்போது எங்கள் வீட்டில்

அந்தப் பெண் மறுத்த பிறகு இந்த எட்டு மாதமாக நான்தான் எடுத்துக் கொட்டுகிறேன். முதல் நாள் என் மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். "நீங்க போய் இதை எடுக்கிறதா? பாவம் எனக்குத்தான் சேரும்" என்றாள். "நாற்பத்தெட்டு வருஷம் நீ எடுத்துப் போட்டதை எல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவது?" என்றேன். மூன்று பிள்ளைகளின் துணி, என் அம்மாவின் கடைசி இரண்டு வருஷம், எல்லாம் அவள் கைதான். அதை நான் வேலை என்றே நினைத்ததில்லை.

நம் வயது அன்பர்கள் பலர் வீட்டில் இந்த நாற்காலி இருக்கும். நான் பழகிக்கொண்டதைச் சொல்கிறேன். சட்டியில் முன்கூட்டியே இரண்டு விரல்கடை தண்ணீர் ஊற்றி வையுங்கள், ஒட்டாது. முடிந்த உடனே மூடி போட்டு எடுத்துப் போய், தாழப் பிடித்துக் கக்கூஸிலேயே கொட்டுங்கள். அலசிய தண்ணீரும் அங்கேதான் போக வேண்டும்; வாஷ்பேசினில் அல்ல. கைக்கு உறை போடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள். ஃபினாயிலை அளவுக்கு மேல் ஊற்றினால் செப்டிக் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியா செத்துப்போகும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றவே கூடாது. அந்த நீர்மூழ்கிக் கப்பலைத் துரத்திய குளோரின் வாயு நம் குளியலறையிலும் கிளம்பும். நாற்காலியின் சக்கரத்துக்குப் பிரேக் போட்டுவிட்டுத்தான் ஆளை உட்கார வைக்க வேண்டும்.

மொத்தத்தில் ஐந்து நிமிஷ வேலை. நாற்றம் உண்டு, பழகிவிடுகிறது. ஐந்து நிமிஷ வேலைக்காக ஒரு ஜனத்தையே பரம்பரை பரம்பரையாகச் சந்தில் நிறுத்தி வைத்திருந்தோம் என்பதுதான் பழகவில்லை.

அந்தப் பெண் இன்னும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். சட்டியை நான் எடுத்துக்கொண்டு போகும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொள்வாள். போன வாரம் அவளிடம், "உங்க அம்மா எந்தத் தெருப்பக்கம் வேலை பார்த்தாங்க?" என்று கேட்டேன். சொன்னாள். என் மாமனார் தெரு இல்லை. நாலு தெரு தள்ளி. பெயரைக் கேட்டேன். அதையும் சொன்னாள். அவள் அனுமதி இல்லாமல் அதை இங்கே எழுதுவது முறையில்லை. ஆனால் கேட்டேன், அதைச் சொல்லவே இத்தனை தூரம் எழுதினேன்.